விதி எண் ஏழும் உங்கள் தங்கையும்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கைப்பிடித்தவன் வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அக்காவும் நல்ல சுகத்தோடு இருக்கும் நேரமாகவும், குறிப்பாக உங்கள் ரத்த அழுத்தம் சீராக இருக்கும் நேரமாகவும் பார்த்து இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்து சேர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். நின்றுகொண்டு படிக்கிறீர்கள் என்றால் தயவுசெய்து உட்காருங்கள். இங்கே நான் சுகம். உங்கள் தங்கை அளவுக்கு மீறிய சுகம். விஷயமே அதுதான்.

அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுச் சங்கத்தின் புகழ் மண்டபத்தில் நடக்கவிருந்த விழாவுக்காக நீங்கள் புதுக் கோட்டு தைக்கக் கொடுத்திருப்பதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். தையல்காரர் இன்னும் துணியை வெட்டவில்லை என்றால் வெட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வெட்டிவிட்டார் என்றால் இடுப்பில் கொஞ்சம் தாராளமாகவே விட்டுத் தைக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் அதை நீங்கள் போடுவதற்கு இன்னும் ஐந்து வருடம் ஆகும்போலத் தெரிகிறது. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நடுவில் கோபம் வந்தால் என் மேல் காட்டுங்கள், அவள் மேல் வேண்டாம். அவள் மேல் காட்டினாலும் அது உள்ளே போகாது.

அவளுடைய சாதனைகள் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. பதினேழு வருடம் ஹாக்கியில் கோல்கீப்பர். இருநூற்றுப் பன்னிரண்டு ஆட்டங்கள். அதில் தொண்ணூற்று நான்கில் ஒரு கோல்கூட விடவில்லை. எந்த ஆட்டத்திலும் மூன்றுக்கு மேல் வாங்கியதில்லை. பத்திரிகைக்காரர்கள் அவளுக்குப் 'பூட்டு' என்று பெயர் வைத்தார்கள்; மைதானம் முழுக்க "பூட்டு! பூட்டு!" என்று கத்தும்போது பக்கத்தில் இருப்பவர் என்னைப் பார்த்து, "நீங்க யாரு, சாவியா?" என்று கேட்பார். நாற்பத்தோராவது வயதில், முழங்காலும் இரண்டு விரல்களும் ஒரு முன்பல்லும் போதும் என்று சொன்ன பிறகு, ஓய்வு அறிவித்தாள். அன்று மைக்கைப் பிடித்து அழுதது அவள் அல்ல, நான். அவள் கையசைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, மறுநாளிலிருந்து என் மூக்குக்கண்ணாடிக் கடையில் எனக்கு உதவியாக உட்கார்ந்தாள். பழக்கம் மட்டும் ஓய்வு பெறவில்லை. அவள் சமையலறை வாசலில் நின்றால் நான் உள்ளே போக முடியாது. இடது பக்கம் போவதுபோல் காட்டி வலது பக்கம் நுழையப் பார்த்திருக்கிறேன், அதுவும் நடக்காது. கடையில் மேசையிலிருந்து எது நழுவினாலும் தரையைத் தொடுவதற்கு முன் அவள் கால் வந்துவிடும். அவள் வந்த நாளிலிருந்து என் கடையில் ஒரு கண்ணாடிகூடக் கீழே விழுந்து உடைந்ததில்லை. எதிர்ச் சுவரில் போய் மோதி உடைந்தவை உண்டு.

இப்படி இருக்கும்போதுதான் மண்டபத்தின் விதிப் புத்தகம் வீட்டுக்கு வந்தது. விதி எண் ஏழு: ஓய்வு அறிவித்த நாளிலிருந்து முழுதாக ஐந்து ஆண்டுகள், நடுவர் கையெழுத்துப் போட்ட எந்த ஆட்டத்தாளிலும் அந்த வீரரின் பெயர் இருக்கக் கூடாது. இருந்தால் ஓய்வு செல்லாது. புதிதாக ஐந்து ஆண்டுகளை எண்ண வேண்டும். உங்களைப்போல முப்பது வருடம் அலுவலகத்தில் விதிகளோடு குடித்தனம் நடத்தியவன் அல்ல நான். ஆனாலும் அன்றிலிருந்து அந்த ஏழாம் விதிக்குக் காவல்காரன் ஆனேன். தெருவணி அவளை ஆட வரச் சொல்லிக் கேட்டது, பழைய கல்லூரி அணி கேட்டது. எல்லோரையும் ஏதோ ஒரு பொய் சொல்லித் திருப்பி அனுப்பினேன். வங்கி மகளிர் அணியின் மேலாளர் ஒருமுறை போனில் விடாப்பிடியாகக் கேட்டபோது, "மூட்டு முழுசா தேஞ்சு போச்சும்மா, எழுந்து நடக்கவே முடியல" என்று குரலைத் தழுதழுக்கவிட்டுச் சொல்லிவிட்டேன். நல்ல மனதுக்காரர்கள் மச்சான். அடுத்த ஞாயிறு காலையில் நான்கு பேர், பழக்கூடையோடும் ஒரு மடக்கு சக்கர நாற்காலியோடும் வாசலில் வந்து நிற்கிறார்கள். உங்கள் தங்கை அப்போது ஏணியின் உச்சியில் நின்று மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மணி அடித்ததும் மூன்று படி மேலேயிருந்தே குதித்துப் போய்க் கதவைத் திறந்தாள்.

"மேடம், உங்களுக்கு நடக்கவே முடியலன்னு சொன்னாங்களே?"

"யாரு சொன்னது?"

நான்கு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள்.

"பரவால்லம்மா, நாற்காலிய வச்சிட்டுப் போங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல இவருக்குத் தேவைப்படும்" என்றாள்.

அதைக்கூடச் சிரித்துக்கொண்டே மறந்துவிட்டாள். விதிக்காகத்தான் பொய் சொன்னேன் என்பது அவளுக்குத் தெரியும். அவளுக்கும் மண்டபத்தில் ஆசை இல்லாமல் இல்லை. போன மாதம் தேர்வுக்குழுவிலிருந்து கடிதம் வந்தபோது அதை இரண்டு முறை படித்துவிட்டு, உங்களுக்குத்தானே முதலில் போன் செய்தாள்? அப்புறம் மண்டபத்திலிருந்து ஒருவர் வந்து கண்ணாடிப் பேழையில் வைப்பதற்காக அவளுடைய ஹெல்மெட், கையுறை, கால்காப்பு எல்லாவற்றையும் வாங்கிப் போனார். ஒரு வாரம் கழித்து, எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வரலாம் என நாங்கள் இருவரும் போனோம். அங்கேதான் வினை ஆரம்பித்தது என்று இப்போது தோன்றுகிறது.

அவளுடைய பேழைக்குப் பக்கத்துப் பேழை ஒரு சைக்கிள் வீரருடையது. முப்பது வருடத்துக்கு முந்தைய புகைப்படம், தலை நிறைய முடி, கீழே அவருடைய சைக்கிள், மூன்று பதக்கம். பேழைக்கு முன்னால் பெஞ்சில் வழுக்கைத் தலையோடு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பார்க்க வந்த பள்ளிக்கூடக் கூட்டத்தில் ஓர் ஆசிரியை, "ஐயா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க, பிள்ளைங்களுக்கு மறைக்குது" என்றார். அவரும் தள்ளி உட்கார்ந்தார். கூட்டம் போன பிறகு எங்களிடம், "அது நான்தான்" என்றார். தினமும் பத்து மணிக்கு மண்டபம் திறந்ததும் வந்துவிடுவாராம்.

"இப்ப சைக்கிள் ஓட்டுறீங்களா ஐயா?" என்று இவள் கேட்டாள்.

"எதம்மா ஓட்டுறது? சைக்கிள் உள்ள இருக்கே" என்று கண்ணாடியைக் காட்டினார். "சாவி செயலாளர்கிட்ட இருக்கு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். இவள் சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில், "என் கால்காப்பு பக்கத்துல ஒருத்தராலயும் நிக்க முடியாது, அப்படி நாறும். பதினேழு வருஷத்து வேர்வை. கண்ணாடிக்குள்ள வச்சா அது யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள். நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். நாற்றம் வராமல் இருப்பது பார்வையாளர்களுக்கு நல்லதுதானே என்பதுபோல. இப்போது நினைத்தால் அது ஆறுதலாக இருந்திருக்காது.

போன சனிக்கிழமை, மச்சான். ஐந்து வருடம் நிறைவதற்கு இன்னும் பத்தொன்பது நாள் பாக்கி. மதியம் இரண்டரை மணி. ஒரு லாரி ஓட்டுநருக்குக் கண் பரிசோதித்துக்கொண்டிருந்தேன். மூக்கில் இரும்புச் சோதனைச் சட்டம் மாட்டி, ஒரு கண்ணுக்குச் சரியான லென்ஸும் மறு கண்ணுக்கு இன்னும் தீர்மானிக்காத லென்ஸும் போட்டு வைத்திருந்தேன். அப்போது பஸ் டிப்போவின் டிக்கெட் பரிசோதகர் அம்மா மூச்சிரைக்க உள்ளே ஓடி வந்தார். அவர்தான் டிப்போ மகளிர் ஹாக்கி அணியின் கேப்டனாம். மூன்று மணிக்கு ஆஸ்பத்திரி நர்ஸ்களோடு பணியாளர் கோப்பையின் இறுதி ஆட்டம். அவர்களுடைய கோல்கீப்பர், கண்டக்டர் அம்மா, அன்று காலைதான் பஸ் கதவில் விரலை நசுக்கிக்கொண்டிருக்கிறார். கட்டுப் போட்டு விட்டவர்களே எதிரணி நர்ஸ்கள்தானாம்.

"அக்கா, ஒரே ஒரு மணி நேரம். நீங்க சும்மா நின்னா போதும். உங்களப் பாத்தே பயந்துருவாங்க."

"நிக்கவே கூடாதும்மா" என்று நான் குறுக்கே பாய்ந்தேன். "விதி எண் ஏழு..."

உங்கள் தங்கை என்னை விலக்கிவிட்டு, "ஆட்டத்தாள்ல பேர் எழுதுவாங்களா?" என்று கேட்டாள்.

"எழுதாம எப்படிக்கா? ஃபைனலாச்சே."

"அப்ப முடியாதும்மா. இன்னும் பத்தொம்போது நாள் இருக்கு. மன்னிச்சுக்கோ."

அவள் வாயாலேயே சொன்னாள் மச்சான், என் காதால் கேட்டேன். அந்த அம்மா முகம் தொங்கிப்போய்த் திரும்பிவிட்டார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று இவள் பின்னறைக்குப் போனாள். நான் ஓட்டுநரிடம் கடைசி வரியைப் படிக்கச் சொன்னேன். அவர் ஆறா ஒன்பதா என்று தடுமாறிக்கொண்டே இருந்தார். பத்து நிமிடம் ஆனது. ஒரு டம்ளர் தண்ணீருக்குப் பத்து நிமிடமா என்று போய்ப் பார்த்தால் பின்வாசல் விரியத் திறந்து கிடக்கிறது. அவளுடைய செருப்பு இருக்கிறது. என்னுடைய கேன்வாஸ் ஷூவைக் காணவில்லை.

கடையைப் பூட்டக்கூட நேரம் இல்லாமல் ஓடினேன். பின்னாலேயே தடதடவென்று சத்தம். சோதனைச் சட்டத்தோடு ஓட்டுநர். "இதக் கழட்டினா எனக்கு ஒண்ணும் தெரியாது சார், நீங்க போற எடத்துக்கு நானும் வரேன்" என்கிறார். இரண்டு தெரு அப்படியே ஓடினோம். மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது இவள் கோலுக்குள் நிற்கிறாள். கண்டக்டர் அம்மாவின் கால்காப்பு அவளுக்கு ஒரு சாண் சின்னது; அதைக் கட்டுத்துணியால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து என்னைப் பார்த்ததும் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

ஒரே வழிதான் எனக்குத் தோன்றியது. ஆட்டத்தாள் எழுதுகிற மேசைக்குப் போனேன். அங்கே ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் பேனாவும் அடிக்கோலும் சகிதமாக உட்கார்ந்திருந்தார். "டிப்போ அணி கோல்கீப்பர் பேரு மாறியிருக்காமே, என்ன பேரு?" என்று அவரே கேட்டார். என் வாயில் சட்டென்று வந்தது, காலமான என் பெரியம்மாவின் பெயர். டீச்சர் அதை முத்து முத்தாக எழுதிக்கொண்டார். புகழ் மண்டபத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துப் பெருமூச்சு விட்டேன். விசில் ஊதி நான்காவது நிமிடத்தில் ஒரு நர்ஸ் அடித்த அடியை இவள் பக்கவாட்டில் பாய்ந்து காலால் தள்ளினாள், பாருங்கள், வேலியோரம் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு பழைய ரசிகர் டம்ளரோடு எழுந்துவிட்டார். "டேய், அது பூட்டுடா!" என்றார். அவ்வளவுதான், மைதானம் முழுக்கப் பழைய கூச்சல். ஓட்டுநர் என் தோளைப் பிடித்து உலுக்கி, "சார், ரெண்டு அம்மாவும் சேந்து ரெண்டு பந்தையும் தடுத்துட்டாங்க!" என்றார்.

இடைவேளையில் நர்ஸ்கள் இரண்டு, டிப்போ ஒன்று. தண்ணீர் குடிக்க மேசைப் பக்கம் வந்தவள் தாளை எட்டிப் பார்த்தாள்.

"யாருங்க இது?"

"பெரியம்மா..." என்று இழுத்தேன்.

"உங்க பெரியம்மா செத்துப் பத்து வருஷமாச்சு. அவங்க எப்படிங்க ரெண்டு கோல் வாங்குவாங்க?" டீச்சர் பக்கம் திரும்பினாள். "டீச்சர், அத அடிச்சிட்டு என் பேர எழுதுங்க."

"யோசிச்சுக்கோ" என்றேன். "எழுதினா எல்லாம் போச்சு."

"யோசிச்சுதாங்க பின்வாசல் வழியா வந்தேன்."

டீச்சர் அடிக்கோல் வைத்துப் பெரியம்மாவை அடித்துவிட்டு, சிவப்பு மையால் உங்கள் தங்கையின் பெயரை எழுதினார். என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆறாம் வகுப்பில் கணக்கைத் தப்பாகப் போட்டபோது வாங்கிய அதே மாதிரிப் பார்வை.

இவ்வளவுக்குப் பிறகு ஜெயித்திருந்தாலாவது உங்களுக்கு எழுதக் கை கூசாது. தோற்றார்கள் மச்சான். நான்கு–மூன்று. வாழ்நாளில் ஓர் ஆட்டத்தில் மூன்றுக்கு மேல் வாங்காதவள் நான்கு வாங்கினாள். நான்காவது, கடைசி நிமிடத்தில், பெனால்டி கார்னரில் அடித்த பந்து. அவள் பாய்வதற்கு முன்பே வலையில் இருந்தது. விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு சிரித்தாள். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள். அந்த நர்ஸ் வந்து கைகொடுத்துத் தூக்கிவிட்டார். இரண்டு பேரும் எதையோ பேசிச் சிரித்துக்கொண்டே வருகிறார்கள், நான் மட்டும் இழவு வீட்டில் நிற்பதுபோல் நிற்கிறேன்.

வீட்டுக்கு நொண்டிக்கொண்டுதான் வந்தாள். தொடையில் தட்டு அளவுக்கு நீலம் பாய்ந்திருந்தது. வழி முழுக்க, வாங்கிய கோல்களைப் பற்றியே பேச்சு. "அந்த மூணாவது அடிச்சாளே, என்னா சாமர்த்தியம்ங்க! இருபது வயசுல நின்னிருந்தாலும் விட்டிருப்பேன்." எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன் இப்படிப் பண்ணின? பத்தொம்போது நாள்தானே?" என்று கேட்டேன். நொண்டுகிற காலை ஊன்றி நின்று என் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் பொண்ணு, சும்மா நின்னா போதும்னு சொல்லிச்சு இல்ல? அஞ்சு வருஷமா சும்மாதாங்க நிக்கிறேன்."

என் ஷூவைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அது அவள் காலில் இருந்தது. அன்று மாலை அவள் சாப்பிட்ட வேகத்தை நான் பார்த்துப் பல வருடம் ஆகிறது. இருந்தாலும் மச்சான், உணர்ச்சி வேறு, வெண்கலப் பலகை வேறு. அதில் பெயர் பொறித்தாகிவிட்டது. ஐந்து வருடம் கழித்து அவளுக்கு வயது ஐம்பத்தொன்று. அதற்குள் தேர்வுக்குழு மாறும், இவளைப் பார்த்தவர்கள் குறைந்துபோவார்கள், புதுப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். அவளைக் கேட்டால், "அஞ்சு வருஷம்தானே, அதுக்குள்ள இன்னொரு மேட்ச் வராமலா போயிடும்?" என்கிறாள்.

ஆகவே தங்களிடம் என் தாழ்மையான வேண்டுகோள். தேர்வுக்குழுவுக்கு அவள் அனுப்ப வேண்டிய மன்னிப்புக் கடிதத்தை நானே எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். உணர்ச்சிவசப்பட்டு ஆடிவிட்டேன், இந்த ஆட்டத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று பணிவாக இருக்கிறது. கையெழுத்துப் போட மறுக்கிறாள். அவள் உலகத்தில் தட்டாத ஒரே பேச்சு அண்ணன் பேச்சுதான். உடனே ரயில் ஏறி வந்து, நாலு வார்த்தை அதட்டி, கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். ஏழாம் விதிக்கு ஏதாவது பின்வாசல் இருக்கிறதா என்பதையும் வழியில் யோசித்துக்கொண்டு வாருங்கள்.

அக்காவுக்கு என் வணக்கங்கள். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உங்கள் ரத்த அழுத்தத்துக்கு என் தனிப்பட்ட மரியாதை. எல்லோரும் பல்லாண்டு குறைவின்றி இருக்க வேண்டும்.

என்றும் தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட,
தங்கையின் கணவன்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடுவதற்குள் வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது, நிலைமையும் மாறிவிட்டது. இன்று காலை புகழ் மண்டபச் செயலாளர் போன் செய்தார். ஆட்டத்தாள் அவர்களுக்கு வந்ததாம். ஒரே இடத்தில் இரண்டு பெயர் இருக்கிறது. முதல் பெயரைக் கொடுத்தவர் திருத்தத்துக்குக் கீழே கையெழுத்துப் போடவில்லை. ஆகவே அந்தப் பதிவு செல்லாது. "உங்க மனைவி அன்னிக்கு ஆடினதா எங்ககிட்ட ஆதாரமே இல்ல சார். விழா திட்டப்படி நடக்கும்" என்றார். நான் துள்ளிக் குதித்துக்கொண்டு போய் அவளிடம் சொன்னேன். "அப்ப அன்னிக்கு கோல்ல நின்னது யாரு?" என்று கேட்டாள். பதிவுப்படி யாரும் இல்லை என்றேன். "அந்த நாலு கோல்?" பதிவுப்படி யாரும் வாங்கவில்லை என்றேன். "சரிங்க" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய் ஒரே கண்ணாடியை அரை மணி நேரம் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நேரே கணக்கு டீச்சர் வீட்டுக்குப் போய், "மேற்படி ஆட்டத்தில் கோலில் நின்றதும் நான்கு கோல் வாங்கியதும் என் மனைவியே, என் பெரியம்மாவுக்கு இதில் யாதொரு தொடர்பும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதைச் செயலாளருக்கும் அனுப்பிவிட்டேன். விழா போயிற்று. போக்கியது நான்தான். எனவே மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம், மன்னிப்புக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள், அவளை அதட்டவும் வேண்டாம். அடுத்த மாதம் பதினான்காம் தேதி தீயணைப்பு நிலையத்து மகளிர் அணியோடு ஆட்டம், முடிந்தால் அதற்கு வாருங்கள். நான் எழுதிக் கொடுத்ததன் நகலைக் கொண்டுவந்து அவளிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தாள். கண் கலங்குவதுபோல் இருந்தது. பிறகு, "நாலுன்னு ஏங்க எழுதுனீங்க? கார்னர்ல முதல்ல அடிக்கிற பந்து, வலைக்கு அடியில இருக்கிற பின்பலகைக்கு மேல போனா கோலே கிடையாது. அந்தக் கடைசிப் பந்து மேலதான் போச்சு. மூணுன்னு திருத்திட்டு வாங்க" என்றாள். மறுபடியும் டீச்சர் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன்.